அருட்செல்வன் ஏசாமல் இருந்த நாட்கள்

நீர்வேலியில் ஒரு மாட்டின் தொண்டையில் பனங்கொட்டை இறுகிவிட்டால், மிருக வைத்தியருக்கு முன்னம் அருட்செல்வனுக்குத்தான் ஆள் போகும். ஆடி ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கிவிட்டால், வாழைத்தோட்டத்து வேலையோடு அவருக்கு இதுவும் ஒரு வேலை. மாடு பழத்தைச் சூப்பிவிட்டுத் துப்பாமல், ஆசையில் கொட்டையோடு விழுங்கப் பார்க்கும். கொட்டை பாதி வழியில் நின்றுவிடும். பிறகு மாடு தின்னாது, குடிக்காது, வாயால் வீணீர் ஒழுக நிற்கும். அருட்செல்வன் வந்து முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசி, ஒரு கையால் நாக்கை ஓரத்துக்கு இழுத்துப் பிடித்து, மற்றக் கையை உள்ளே விடுவார். கொட்டையை எடுத்து முற்றத்தில் எறிந்துவிட்டுச் சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் போகிறார் என்பது பராசக்திக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் கூட இருந்த மனைவிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது.

அந்த ஆவணியில் வீணீர் வடித்துக்கொண்டு நின்றது அவர்களுடைய சொந்தப் பசு.

"படலையைச் சாத்து" என்றார் அருட்செல்வன். பழம் விழுகிற காலத்தில் மாட்டைக் கட்டி வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவர் அவர். அவருடைய மாடே கொட்டையை விழுங்கிவிட்டது என்று வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும். பராசக்தி வேலிப் படலையைச் சாத்திவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தாள்.

பசு கத்தியது. அவளுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. கன்றைத் தேடிக் கத்துகிற குரலும் இல்லை, பசியில் கத்துகிற குரலும் இல்லை. தொண்டை கிழிந்த மாதிரி ஒரு கரகரப்பு. கொட்டை சிக்கின மாடுகளை அவளும் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவை கழுத்தை நீட்டிக்கொண்டு பயந்துபோய் ஆடாமல் நிற்கும். இது அவளை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. ஆறு வருஷம் அவள் கையால் தவிடு தின்ற பசு.

"இஞ்சருங்கோ, உது கொட்டை மாதிரித் தெரியேல்லை. கண்ணைப் பாருங்கோ."

"நீ பெரிய டொக்ரர். வாயைப் பொத்திக்கொண்டு கயித்தைப் பிடி."

அருட்செல்வன் ஏசுவது ஊரறிந்த விஷயம். காலையில் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று தொடங்கினால், இரவு விளக்கை ஏன் நூர்க்கவில்லை என்பதில்தான் முடிப்பார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. வாய் மட்டும் ஓயாது. பக்கத்து வளவு இரத்தினம்மா, அவருடைய சத்தத்தை வைத்துத்தான் தான் உலை வைக்கிறதாகச் சொல்லிச் சிரிப்பாள். பராசக்தி அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகிவிட்டாள். சில நாட்களில் அது காதில் விழுவதே இல்லை.

அவர் கையை உள்ளே விட்டார். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் உள்ளே விட்டார். பசு திடீரென்று வாயை இறுக்கியது. கையை இழுத்தபோது மணிக்கட்டில் கடைவாய்ப் பல் உரசித் தோல் வழன்று இரத்தம் கசிந்தது. விரல்களில் ஏற்கெனவே வாழைக்குலை வெட்டிய கீறல்கள் இருந்தன.

"ஆழத்திலை கிடக்கு. உன்ரை கை ஒடுக்கம், நீ விட்டுப் பார்."

அவளுக்கு மனமில்லை. என்றாலும் விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. கொட்டை இல்லை. கையை எடுத்தபோது முழங்கை வரை நுரை.

இரண்டாம் நாள் பசுவின் பின்கால்கள் இழுபட்டன. மூன்றாம் நாள் விடியற்காலையில் அது மாட்டுக் கொட்டிலின் கப்புத் தூணை முட்டிக்கொண்டு, நிறுத்தாமல் கத்தியது. அருட்செல்வன் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பராசக்தி கால்நடை வைத்தியசாலைக்குப் போன் பண்ணினாள். அவர்களுக்குள் டொக்ரரைக் கூப்பிடுகிற பழக்கமே இல்லை. அவர் திரும்பி வரும்போது டொக்ரர் தாரிகா முற்றத்தில் நின்றாள். முப்பது வயது இராது. கையுறை போட்டிருந்தாள். கொட்டிலுக்குள் போகாமல் தூரத்தில் நின்றே பசுவைப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பசு விழுந்தது, காலை உதைத்தது, அடங்கியது.

பராசக்தி அழுதாள். வேலிக்கு மேலால் இரத்தினம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு மாசத்துக்குள்ளை நாய், கீரி ஏதும் இந்தப் பக்கம் வந்ததோ அம்மா?" என்று டொக்ரர் கேட்டாள்.

அப்போதுதான் பராசக்திக்கு ஞாபகம் வந்தது. ஐந்து கிழமைக்கு முன், ஒரு மத்தியானம். பட்டப்பகலில் ஒரு கீரி முற்றத்துக்கு வந்தது. கோழிகளுக்கு நடுவால் நடந்தது, ஒரு கோழியையும் தொடவில்லை. கீரி என்றால் ஆளின் நிழலைக் கண்டாலே வேலிக்குள் பாய்ந்துவிடும். இது அருட்செல்வனின் காலடிக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. "பாத்தியே, மிருகத்துக்குத் தெரியும் ஆர் நல்ல மனிசன் எண்டு" என்று அவர் சிரித்தார். அது பிறகு கொட்டிலுக்குள் போனது. பசு ஒருமுறை துள்ளியது. அவ்வளவுதான் அவர்கள் கண்டது.

டொக்ரர் ஒரு தரம் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "விசர் வருத்தம், ரேபிஸ் போலைதான் கிடக்கு" என்றாள். "தலையைப் பரிசோதனைக்கு அனுப்பவேணும். முடிவு வரும் மட்டும் நாங்கள் அதுதான் எண்டு வைச்சுத்தான் நடக்கவேணும்."

"விசர் எண்டால் நாய்க்கெல்லோ?" என்றாள் இரத்தினம்மா வேலிக்கு அப்பால் நின்று. "மாடு ஒருத்தரையும் கடிக்கேல்லையே."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வராது அம்மா. நாய்க்கு வந்தால் கண்டதையெல்லாம் கடிச்சுக்கொண்டு ஓடும். சில நாய் கட்டிலுக்குக் கீழை போய்ப் படுத்திடும். ஆடு ஓயாமல் கத்தும். மாட்டுக்குத் தொண்டை வேலை செய்யாமல் போம். விழுங்க ஏலாது, அதாலைதான் வீணீர் வடியிறது. பாக்கிறவைக்கு ஏதோ சிக்கினது மாதிரி இருக்கும். கீரி, நரி போலக் காட்டிலை திரியிறதுக்குப் பயம் விட்டுப்போம். வளத்த பிராணி மாதிரிக் கிட்ட வரும்."

"ஒண்டுக்கொண்டு எதிராய்க் கிடக்கே" என்றாள் பராசக்தி.

"ஓம். குரைக்கிறது குரைக்காது, சாதுவானது முட்டும், பயந்தது பழகும். ஒரு நாளும் செய்யாததை ஒரு மிருகம் செய்யத் தொடங்கினால் நாங்கள் முதல் அதைத்தான் கவனிக்கிறது."

"மனிசருக்கு?"

கேட்டது இரத்தினம்மாதான். டொக்ரர் கையுறையைக் கழற்றியபடியே சொன்னாள். "மனிசருக்கும் குணம் மாறும். பிறகு தண்ணி இறங்காது. அந்த நிலைக்கு வந்தாப் பிறகு மருந்து இல்லை. ஆனால் அதுக்கு முன்னம் ஊசி போட்டால் பயமே இல்லை. அதாலைதான் கேக்கிறன். ஆராவது மாட்டின்ரை வாய்க்குள்ளை கை விட்டனீங்களோ?"

"ஒருத்தரும் விடேல்லை" என்றார் அருட்செல்வன்.

அவர் மணிக்கட்டில் துவாயைச் சுற்றியிருந்தார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. வேலிக்கு மேலால் ஐந்து தலைகள். பிறந்ததிலிருந்து மாட்டைத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர், ஒரு சின்னப் பெட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் கொட்டை என்று நினைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லுவார்? பராசக்தி அவரைப் பார்த்தாள். நாலு பேருக்கு முன்னால் அவருடைய சொல்லைப் பொய்யாக்கி அவளுக்குப் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் என்ன பழக்கமோ! உயிர் போகிற இடத்திலும் நாக்கைக் கட்டிப்போட்டது.

"நான் விட்டனான்" என்றாள்.

"நீங்கள் மட்டுமோ?"

"ஓம்."

டொக்ரர் ஒரு கடிதம் எழுதி அவள் கையில் கொடுத்தாள். அதில் ஒரு பெயர்தான் இருந்தது.

அன்று பின்னேரமே அருட்செல்வன் அவளை மோட்டச்சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டு வரும்வரை வாசலில் நின்றார். நீங்களும் போடுங்கோ என்று வழியெல்லாம் அவள் கெஞ்சினாள். சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று என்றார். நூறு மாட்டுக்குக் கை விட்டவன் நான் என்றார். காயத்தில் சுண்ணாம்பு வைத்துவிட்டேன் என்றார். கடைசியில், பின்னால் இருந்து அரியண்டம் பண்ணினால் இறக்கிவிட்டுப் போய்விடுவேன் என்று ஏசினார். அவளுக்கு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஊசி இருந்தது. இரண்டு தரமும் அதே கதைதான். இரண்டு தரமும் அவர் வாசலோடு நின்றார்.

இதற்கிடையில் பரிசோதனை முடிவு வந்தது. பசுவுக்கு விசர்தான்.

அதற்குப் பிறகு பராசக்திக்கு நித்திரை போய்விட்டது. தன்னைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, ஊசி உடம்புக்குள் போய்விட்டது. பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனின் மணிக்கட்டுக்குள் அது மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறதோ என்றுதான் அவளுக்குப் பயம். வெளியே ஒன்றும் தெரியாது. காயம் ஆறி, பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. அவர் வழக்கம்போலக் குறட்டை விட்டார். வழக்கம்போல என்பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஏழாம் நாள் ஊசி போட்ட டொக்ரரிடம் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். வராத ஆளுக்கு எப்படி ஊசி போடுவது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர். அவரே சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். பராசக்தி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"நான் கை விடேல்லை. அவ பயத்திலை ஏதோ கதைக்கிறா" என்றார் அருட்செல்வன்.

பரிசோதகர் போனதும் அவள் காத்திருந்தாள். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்றுதான் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் போய் வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறாள். இதற்குக் குறைந்த குற்றங்களுக்கு மூன்று நாள் தொடர்ந்து ஏச்சு வாங்கியிருக்கிறாள்.

அவர் குசினி வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்த்தார்.

"சாப்பிட்டியே?" என்றார்.

கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி. அவர் சாப்பிடுவார், கையைக் கழுவுவார், போவார். அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று அவர் யோசித்ததாக அவளுக்குத் தெரியாது. அவள் தலையை ஆட்டினாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போய்விட்டார். பயந்தது பழகும், சாதுவானது முட்டும் என்று அந்தப் பெட்டை சொன்னது அவளுடைய காதுக்குள் கேட்டது.

அன்றிலிருந்து அவர் ஏசவில்லை.

இதை வெளியில் யாரிடம் சொல்ல முடியும்? என்ரை மனுஷன் என்னை ஏசுகிறாரில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். இரத்தினம்மா சிரிக்கவே செய்தாள். "என்னடியப்பா, உங்கடை வளவு சத்தமில்லாமல் கிடக்கு. கோயிலுக்கு நேத்தி வைச்சனியோ?" என்று கேட்டாள். பராசக்தி உள்ளே வந்துவிட்டாள்.

பருத்தித்துறையிலிருந்து மகள் தர்சிகா போன் எடுத்தாள். தாய் மாட்டின் வாய்க்குள் கை விட்டதும் ஊசி போடுவதும் மட்டும்தான் மகளுக்குத் தெரியும். மருமகன் சுதாகரனோடு அருட்செல்வன் கதைத்து இரண்டு வருஷம். கல்யாண வீட்டில் யாரோ யாரையோ மதிக்கவில்லை என்று வந்த கோபம். அன்று அவர் போனை வாங்கி, "மருமோன் சுகமாய் இருக்கிறாரோ? கடலுக்குப் போறவர், கவனமாய்ப் போகச் சொல்லு" என்றார். அந்தப் பக்கம் மகள் சந்தோஷத்தில் அழுதாள். இந்தப் பக்கம் பராசக்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அவருடைய தொண்டையைப் பார்க்கத் தொடங்கினாள். சாப்பிடும்போது பார்த்தாள், வெற்றிலை போடும்போது பார்த்தாள். அந்தக் குரல்வளை முடிச்சு மேலே போகிறதா, கீழே வருகிறதா? எத்தனை தரம்? ஒரு மத்தியானம் வேண்டுமென்றே கறியில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். பாவம்தான், வேறு என்ன செய்வாள்? அவர் இரண்டு வாய் சாப்பிட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. செம்பை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு மிடறு. அவளுக்கு உயிர் வந்தது. அவர் செம்பை வைத்துவிட்டு, "கொஞ்சம் உறைச்சுப்போச்சு, பரவாயில்லை" என்றார். வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது. உறைப்புக் கூடினால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனுஷன்.

அடுத்த நாள் காலையில் அவருக்கு வைத்த தேத்தண்ணி கொட்டில் வாசலில் அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அவர் மாடில்லாத கொட்டிலுக்குள் குந்தி இருந்தார். வலது கை இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஏன் குடிக்கேல்லை?"

"மனமில்லை" என்றார்.

பராசக்தி கிணற்றடிக்குப் போய், டொக்ரர் தாரிகாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்குப் பொய் சொன்னதையும் சொன்னாள். டொக்ரர் ஏசவில்லை.

"அம்மா, நீங்கள் சொல்லுறதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. கவலையிலையும் மனிசர் அப்பிடி இருப்பினம். நோய் வருத்தத்திலையும் இருப்பினம். இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. அறிகுறி வர முன்னம் போட்டால்தான் ஊசி."

"வரமாட்டன் எண்டுறாரே."

"எப்பிடியாவது" என்றாள் டொக்ரர். "மாடும் ஆடும் விழுகிற வரைக்கும் வருத்தத்தைக் காட்டாது. பலவீனம் தெரிஞ்சால் மற்றது அடிச்சுப்போடும் எண்ட பயம் அதுகளுக்கு. ஐயாவும் பயத்திலை மறைக்கிறார் போலை."

போனை வைத்துவிட்டுப் பராசக்தி அங்கேயே நின்றாள். எப்படியாவது என்றால் எப்படி? ஆடு என்றால் ஒரு குழையைக் காட்டினால் பின்னால் வந்துவிடும். நாய்க்குக் குரல் போதும். மாட்டை இழுத்தால் வராது. இழுக்க இழுக்கக் காலைப் பின்னுக்கு ஊன்றும். அவளுடைய தகப்பன் வண்டில் வைத்திருந்தவர். அடம் பிடிக்கிற மாட்டை அவர் இழுக்கவே மாட்டார். அதன் சோடியைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பார். கொஞ்ச நேரத்தில் மற்றது தானாகத் திரும்பி வந்து பக்கத்தில் நிற்கும். இந்த இரண்டு கிழமையும் அவள் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் அவளுக்குப் பதினாலாம் நாள் ஊசி. அருட்செல்வன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். பராசக்தி குசினிக்குள் நிலத்தில் குந்தியிருந்து வாழைப்பொத்தி அரிந்துகொண்டிருந்தாள்.

"வெளிக்கிடேல்லையே?"

"நான் வரேல்லை."

"இண்டைக்கு உனக்கு ஊசி."

"தெரியும். நீங்கள் போட்டால் நானும் போடுவன். நீங்கள் போடாட்டில் எனக்கும் வேண்டாம்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவேண்டும் என்று உள்ளுக்குள் கும்பிட்டாள். வாய் திறந்து ஏசட்டும், உன்னைப் பெற்றவர்களையும் சேர்த்து ஏசட்டும், இரத்தினம்மா வேலிக்கு ஓடி வரும்படி ஏசட்டும். ஒரு சத்தமும் வரவில்லை. வாழைப்பொத்தியின் கயர் பட்டு அவளுடைய விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

அவர் உள்ளே வந்து, அவளுக்கு முன்னால், அந்தக் குசினி நிலத்தில் இருந்தார். அவர் அங்கே இருந்து அவள் கண்டதில்லை.

"பராசக்தி, அடம் பிடிக்காதை. அரைவாசியிலை விட்டால் ஊசி வேலை செய்யாமல் பிழைச்சுப்போம்."

"உங்களுக்கு மட்டும் பிழைக்காதோ?"

அவர் மணிக்கட்டைத் தடவினார். அவருடைய வாய் கோணியது. அவள் கத்தியைப் போட்டுவிட்டுப் பார்த்தாள். அருட்செல்வன் அழுதார். தாய் செத்த அன்றும் அழாதவர், மூக்கால் தண்ணீர் வடிய, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

"எனக்குப் பயமடி" என்றார். "ஊசி போட்டால் அது எனக்குள்ளை கிடக்கு எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. போடாமல் விட்டால் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம். ஒவ்வொரு நாளும் எழும்பினவுடனை எச்சிலை விழுங்கிப் பாக்கிறன். இறங்குதோ இறங்கேல்லையோ எண்டு. உன்ரை கையையும் நான்தானே பிடிச்சு உள்ளை விடச் சொன்னனான்."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. கோபமும் பொங்கியது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எழும்பி அவருடைய கையைப் பிடித்துத் தூக்கினாள்.

அன்று அவர் வாசலில் நிற்கவில்லை. டொக்ரர் அவருடைய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். எத்தனையாம் தேதி என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினார். பதினேழு நாள். அந்த எண்ணுக்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் பராசக்திக்குப் பதினேழு நாளை விட நீளமாக இருந்தது.

"தொடங்கினது நல்லது" என்றார் பிறகு. "இண்டைக்குக் காயத்தைச் சுத்தியும் போடுவம். மிச்சத்தைத் தவற விடாதையுங்கோ."

"இனிப் பயமில்லைத்தானே டொக்ரர்?" என்று பராசக்தி கேட்டாள்.

"கவனமாய்ப் பாத்துக்கொள்ளுங்கோ அம்மா. ஏதும் வித்தியாசம் கண்டால் உடனை வாங்கோ."

"எத்தினை நாளைக்குப் பாக்கவேணும்?"

"மூண்டு மாசம் கவனமாய்ப் பாருங்கோ. ஒரு வருஷம் போனால் நிம்மதியாய் இருக்கலாம்."

இருவரும் வெளியில் வந்தார்கள். வெயில் கொளுத்தியது. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அருட்செல்வன் அவளை மர வாங்கில் இருத்தினார். இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தார். அவளுடையதை இரண்டு கிளாசிலும் மாற்றி மாற்றி ஆற்றினார். பழக்கம் இல்லாததால் பாதியைக் காலில் ஊற்றிக்கொண்டார். மிச்சத்தை அவள் கையில் கொடுத்து, "மெல்லமாய்க் குடி, நாக்குச் சுடும்" என்றார்.

அவருடைய தேத்தண்ணி வாங்கில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பராசக்தி தன்னுடைய கிளாசைக் கீழே வைத்தாள்.

"முதல் நீங்கள் குடியுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தார். கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"என்னைக் கண்டு உனக்குப் பயமே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு இனித் தெம்பில்லை.

அருட்செல்வன் கிளாசை எடுத்தார். சூடாகவே, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஆறு மிடறு. அவள் எண்ணினாள், அவள் எண்ணுவதை அவரும் பார்த்தார். குடித்து முடித்து வெறுங்கிளாசை அவளுக்குக் கவிழ்த்துக் காட்டினார்.

"இனி ஒவ்வொரு நாளும் உனக்கு முன்னாலை இருந்துதான் குடிப்பன். நீ பாத்துக்கொள்" என்றார்.

அவளுக்கு அதுவும் போதவில்லை. அந்தக் குரலில் இருந்த மென்மைதான் அவளைக் கொன்றது. சுற்றிச் சனம் இருப்பதையும் மறந்து அவருடைய சேர்ட்டுக் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, என்னை ஒருக்கால் ஏசுங்கோ."

"என்ன?"

"ஏசுங்கோ. ஆஸ்பத்திரியிலை போய் வீட்டுக் கதை கதைச்சனான். டொக்ரரை உங்களைக் கேளாமல் கூப்பிட்டனான். கறிக்குத் தூளை அள்ளிப் போட்டனான். நல்லாய் ஏசுங்கோ."

அருட்செல்வன் வாயைத் திறந்தார். அவர் உண்மையாகவே முயன்றார் என்பது அவளுக்குத் தெரிந்தது. நெற்றியைச் சுருக்கினார், தொண்டையைச் செருமினார். பிறகு அவளுடைய தலையில் கையை வைத்தார்.

"என்னெண்டு ஏச?" என்றார். "நீ ஒரு பிழையும் செய்யேல்லையே."

இருபத்தாறு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய சொல் அது. அவள் அந்தக் கையின் கீழ் ஆடாமல் இருந்து, அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.